பொருந்துவது வேறு, பாதுகாப்பு வேறு

மாடுலர், அதாவது பாகங்களைக் கழற்றி மாற்றிக்கொள்ளக்கூடிய, கைத்துப்பாக்கிகளையும் அவற்றுக்கான பாகங்களையும் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். போன மாதம் ஒரு பிஸ்டல் என் மேசைக்கு வந்தது. ட்ரிகர் தொகுதி ஒரு நிறுவனத்துடையது, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு இன்னொன்றுடையது, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஸ்ட்ரைக்கரும் அதன் ஸ்பிரிங்கும் மூன்றாவது இடத்தில் வாங்கியவை. ஸ்லைடை இழுத்து ட்ரிகரை அழுத்திப் பார்க்கும் வழக்கமான சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்லைடின் பின்பக்கத்தில் ரப்பர் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில், ட்ரிகரை அழுத்தும்வரை ஸ்ட்ரைக்கரைப் பின்னே பிடித்துவைக்க வேண்டிய கொக்கியான சியரிலிருந்து நழுவி ஸ்ட்ரைக்கர் முன்னே பாய்ந்தது. என் விரல் ட்ரிகரில் இல்லை. குறுக்கே நின்று தடுக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் பூட்டும் பிடிக்கவில்லை. மாற்றுப் பாகத்தில் அந்தப் பூட்டு பிடிக்கும் விளிம்பு மயிரிழை அளவு தேய்ந்திருந்தது.

துப்பாக்கிக்கு உரியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. மூன்று பெட்டிகளிலும் ‘பொருந்தும்’ என்றுதான் அச்சிட்டிருந்தது. பொருந்தவும் செய்தது.

ஸ்ட்ரைக்கரைச் சியர் பிடித்துநிற்கும் பரப்பு மிகச் சிறியது. ஒவ்வொரு பாகத்துக்கும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஸ்லைடு கொஞ்சம் மேலே ஏறி, சியர் கொஞ்சம் கீழே இறங்கி, சியரில் மாட்டும் ஸ்ட்ரைக்கரின் காலும் கொஞ்சம் குட்டையாக அமைந்துவிட்டால், தனித்தனியாகத் தேறிய மூன்றும் சேர்ந்து தோற்றுவிடும். அப்புறம் யாராவது ட்ரிகர் மென்மையாக வேண்டுமென்று சியரைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், இருந்த பிடியும் போய்விடும்.

சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் விஷயத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2014இல் சந்தைக்கு வந்தது, 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதையே தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஸ்லைடின் பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதினால் அது தானாகவே சுட்டுவிடலாம் என்று தெரியவந்தது. துப்பாக்கி தரையில் மோதி நின்ற பிறகும் ட்ரிகர் தன் எடையின் உந்தத்தால் பின்னோக்கி நகர்ந்ததுதான் காரணம். கீழே போட்டுப் பார்க்கும் சோதனைக்குத் தர விதிகள் சொல்லும் கோணங்களில் அது தேறியிருந்தது. இந்தக் கோணம் அவற்றில் இல்லை. ட்ரிகர், ஸ்ட்ரைக்கர், சியர் மூன்றையும் எடை குறைத்து மாற்றித் தந்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் அதற்கு வைத்த பெயர் ‘விருப்ப மேம்படுத்தல்’. விருப்பம் என்றால் வேண்டாமென்றும் விட்டுவிடலாம் என்றுதானே வாங்கியவர் நினைப்பார்? அதற்குப் பின்னும், ட்ரிகரைத் தொடாமலே சுட்டுவிட்டது என்று வழக்குகள் வந்தன, நிறுவனம் மறுக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மேல் அதிகாரமே இல்லை. 1972இல் அதை உருவாக்கிய சட்டமே அப்படி விலக்கு அளித்திருக்கிறது. ஒரு டோஸ்டரைத் திரும்பப் பெறச் சொல்லக்கூடிய ஆணையம் பிஸ்டலைத் தொட முடியாது. ஆகவே நீங்களாகச் செய்தால்தான் உண்டு.

எந்தப் பாகத்தை எதனோடு சேர்த்து, எந்தக் கோணங்களில் போட்டுப் பார்த்தீர்கள் என்று வெளியிடுங்கள். சோதிக்காத சேர்க்கையைச் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள். பழைய சியரும் திருத்திய சியரும் ஒன்றுபோல இருந்தால் பழுதுபார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பாகத்தின் மேலேயே பதிப்பு எண்ணைப் பொறியுங்கள்.

அந்த பிஸ்டல், ஸ்ட்ரைக்கரைக் கழற்றிய நிலையில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும் என்று மூன்று நிறுவனங்களுக்கும் எழுதிக் கேட்டேன். ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் கைகாட்டியது. உரியவர் நாளை வருகிறார். அவரிடம் நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்