மூன்று மணி நேரத் தூக்கம் பெருமையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் சொந்தத் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறீர்களே, அதைத் தவறாமல் படிக்கிறவள் நான். சுங்கை சிப்புட்டில் காலைப் பசியாறல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் என்பதால் திங்கட்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் பேப்பரைப் பிரிக்க முடியும். அண்மையில் அந்தப் பக்கத்தில் வந்த ஒரு தம்பி, தான் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதே இல்லை, ஐந்து வருடமாக ஒருநாள்கூடக் கடையை அடைத்ததில்லை என்று சொல்லியிருந்தார். நீங்களும் அதைக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தத் தம்பியின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் படத்தில் அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதே கருப்பை என் முகத்தில் நானே கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் மன்னியுங்கள், வெட்டுவது உங்கள் வேலை.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடிக்கும், இருட்டிலேயே கிளம்பிப் போவார்கள், மத்தியானம் ஸ்டோரில் பாலை நிறுத்து ஊற்றிவிட்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. தோட்ட வாழ்க்கையைத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அட்டை கடித்த தழும்பு அம்மா காலில் இன்னும் இருக்கிறது, சம்பளம் என்று கையில் வந்ததைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனாலும் வேலை முடிந்தது என்று ஒரு நேரம் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா கொல்லையில் கீரை பிடுங்குவார், பக்கத்து லயத்தில் கதை பேசுவார், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிடுவார். மரம் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்து நிற்காது.

என் கடை வருகிறது. படுக்கைக்கே வருகிறது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் "அக்கா, நாளைக்கு ஐம்பது பொட்டலம் நாசி லெமாக் கிடைக்குமா" என்று வந்தால், பதில் போடாவிட்டால் போய்விடுவார்களே என்ற பயத்தில் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போடுவேன். மூன்றரை மணிக்கு மறுபடி எழ வேண்டும். ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 15 மணி நேரம், வாரத்துக்கு 105. என்னிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம், 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. நியாயம்தான், நானே மகிழ்ச்சியாகக் கொடுக்கிறேன். முதலாளி என்று பேர் வாங்கிய எனக்கு அந்தச் சட்டம் கிடையாது, போய் முறையிடத் தோட்டத்தில் இருந்த மாதிரி கிராணியும் (கணக்கரும்) கிடையாது, மணி அடிக்கவும் ஆள் இல்லை.

சரி, என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடை திறந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பொட்டலம் மட்டும் கட்டி விற்றுப் பிழைத்தோம், அது எல்லோருக்கும் வந்த கஷ்டம், அதில் எனக்குத் தனி வருத்தம் இல்லை. என்னைச் சாய்த்தது அதற்கப்புறம் வந்தவைதான். ஒன்று, 555 புத்தகம். அந்தச் சின்ன நோட்டைத் தெரியாத கடைக்காரர் மலேசியாவில் இருக்க முடியாது. "எழுதி வைங்கக்கா, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்பவர்களின் பேர்கள் மூன்று நோட்டு நிரம்பிவிட்டன. கேட்டால் முகம் கோணும், கேட்காவிட்டால் மாவு மில்லுக்குக் காசு இல்லை. இன்னொன்று, கூட்டு, அதாவது சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் 300 வெள்ளி, நான்தான் தலை. இரண்டாவது மாதமும் மூன்றாவது மாதமும் எடுத்த இரண்டு பேர் அப்புறம் கட்டவே இல்லை. மற்றவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் இல்லையா, மாதம் 600 வெள்ளி என் கல்லாவிலிருந்து போட்டேன், ஏழு மாதம், 4,200 வெள்ளி. போலீசில் சொல்லலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். கூட்டு நடத்துவதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! புகார் கொடுக்கப் போனால் முதல் குற்றவாளி நான்தான். ஆக, யாரிடமும் சொல்ல முடியாத கடன். தொழில் செய்கிறவர்களுக்குக் கடனைவிட அதை ஒளித்துவைப்பதுதான் பெரிய பாரம் என்று எனக்குப் படுகிறது. வாசலில் சிரித்துக்கொண்டே தோசை வார்க்க வேண்டும், உள்ளே நெஞ்சு தட்டிக்கொண்டிருக்கும்.

தட்டல் நாளுக்கு நாள் கூடியது. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் அலோங் (வட்டி முதலை) நோட்டீசில் இருந்த நம்பரை ஒருநாள் போனில் பதிந்துகூட வைத்துவிட்டேன். சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவிருக்காது, இரண்டு முறை போட்டுவிடுவேன். மகள் கேட்ட சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுவேன். இரவில் கண் மூடினால் கணக்கு ஓடும். மாமியார் இது யாரோ செய்துவிட்டது என்று ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் கயிறு கட்டிவிட்டு, முழுதாகக் கழிக்க 800 வெள்ளி ஆகும் என்றார். அந்த 800 வெள்ளி இருந்தால் எனக்கு நோயே வந்திருக்காதே! கோயிலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அம்மன் சன்னிதியில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் மருந்து. ஆனால் அது மட்டும் போதவில்லை.

ஒரு விடியற்காலை அடுப்படியிலேயே மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பு என்றே நினைத்து அரசாங்கக் கிளினிக்குக்கு ஓடினோம். கட்டணம் ஒரு வெள்ளி. இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸி (தாதி) ஒரு தாளைக் கையில் கொடுத்தார். 21 கேள்விகள், கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஓர் எண் போட வேண்டும். வாய் வறண்டு போகிறதா, பதற்றமாக இருக்கிறதா, ஓய்வாக இருக்க முடியவில்லையா என்று கேட்டிருந்தது. எனக்கு மலாய் வாசிக்கத் தெரியும், அதில் சிரமம் இல்லை. ஏழாவது எட்டாவது கேள்விக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. என்னை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடையை எத்தனை மணிக்கு அடைப்பீர்கள்?" என்பதுதான். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் கதவை அடைக்கும் நேரம் தெரியும், நான் நிறுத்தும் நேரம் எது என்று தெரியவில்லை. மருந்து கொடுத்தார்கள், ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள், ஆறேழு மாதம் போய் வந்தேன்.

ஊரில் என்ன பேச்சு என்று கேட்க வேண்டுமா? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் "தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய் விடு" என்போம். 1911லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவு, அந்த ஊரின் பேரே எங்களுக்கு வசவாகிவிட்டது. நான் போனது பக்கத்திலுள்ள கிளினிக்குக்கு, ஆனாலும் "அவளுக்குத் தலை சரியில்லையாம்" என்று ஒரு வாடிக்கையாளரே என் கடை தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். நாட்டில் 2023ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டார்கள், கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். 2019இல் அது 2.3 விழுக்காடுதான், நான்கு வருடத்தில் இரட்டிப்பு. அந்தப் பத்து லட்சத்தில் எத்தனை பேர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ.

என் வரிசையில் ஒரு கடைக்காரர் இருந்தார். பேரும் தொழிலும் வேண்டாம், பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். கடன் நெருக்கியபோது யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். நெஞ்சு வலி என்றுதான் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அப்போதெல்லாம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்று குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு இருந்தது. 2023இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் போய்விட்டது, நம் வாய்தான் இன்னும் திறக்கவில்லை. உங்கள் வாசகர்களில் யாராவது அந்த நிலையில் இருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் 03-76272929, இந்த இரண்டையும் எழுதி கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். என் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

கடனுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற அமைப்பு கடன் ஆலோசனையை இலவசமாகச் செய்கிறது. பேங்கில் வாங்கிய கடனுக்குத் தவணையைச் சமாளிக்கிற மாதிரி மாற்றி அமைக்க வழி செய்கிறார்கள். கூட்டுக் காசுக்கு அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது, அது என் தலையெழுத்து. ஆனால் வேன் கடன், அடுப்பு வாங்கிய கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இன்னொரு மனிதர் முன்னால் வைத்தபோதே பாதிக் கனம் இறங்கியது. அலோங் நம்பரை அன்றைக்கு அழித்தேன்.

இப்போது கடை செவ்வாய்க்கிழமை அடைப்பு. முதல் ஒன்றரை மாதம் அது நன்றாகவே வலித்தது. வாடிக்கையாய் வந்த நாலைந்து லோரி ஓட்டுநர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் திரும்பவே இல்லை. நஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரவு எட்டுக்கு மேல் கடை போனை மகளின் புத்தக அலமாரியில் வைத்துவிடுவேன். வீட்டுக் காசு ஒரு மைலோ டின்னில், கடைக் காசு பெட்டியில், இரண்டும் சேராது. 555 புத்தகத்தில் ஒரு பேருக்கு 50 வெள்ளிக்கு மேல் எழுதுவதில்லை. அப்புறம் முக்கியமானது, மாதக் கடைசியில் என் தங்கை வந்து கணக்கு நோட்டைப் பார்க்கிறாள். அவளுக்குத் தொழில் தெரியாது, திட்டவும் மாட்டாள், "இது என்னக்கா?" என்று கேட்பாள், அவ்வளவுதான். ஒளிக்க முடியாது பாருங்கள், அதுவே போதும்.

நம் சங்கங்கள் வணிகப் பயிலரங்கு நடத்துகின்றன, நானும் இரண்டுக்குப் போயிருக்கிறேன். நிறுவனப் பதிவு எப்படி, தெக்குன் ஸ்பூமி என்ற அரசாங்கத் தொழில் கடனுக்கு எந்த விண்ணப்பப் பாரம், முகநூலில் படம் எப்படிப் போடுவது, எல்லாம் சொல்லித் தருகிறார்கள், பயனுள்ளவைதான். கடைசியில் மேடையேறுகிற பேச்சாளர் மட்டும் தூங்காதே, விடாதே, வெறியோடு இரு என்று முழங்கிவிட்டு ஏர்கோண்ட் காரில் ஏறிப் போய்விடுவார். அந்த முழக்கத்துக்குக் கொடுக்கிற ஒரு மணி நேரத்தில் பாதியை ஒரு கிளினிக் ஆலோசகருக்கும் கடன் ஆலோசகருக்கும் கொடுங்களேன்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம், ஐயா. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை நிறுத்த வேண்டாம், எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் எத்தனை கிளை, எவ்வளவு வருமானம் என்று கேட்கும்போது கூடவே இரண்டு கேள்வி சேருங்கள். கடையை எப்போது அடைப்பீர்கள்? உங்களைத் தவிர கணக்கை யார் பார்ப்பார்கள்? பதிலையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.

அந்தத் தம்பியின் நம்பர் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். ஒருநாள் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்த முறை தொழிலைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
பசியாறல் கடைக்கார அக்கா
(பேர் வேண்டாம், ஊர் மட்டும் போடுங்கள்)
சுங்கை சிப்புட், பேராக்