அப்பாவின் தறியும் அண்ணனின் மாத்திரையும்

குடியாத்தம்,
ஆடி 14

அன்புள்ள சம்பத்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் வார்த்துக்கொண்டிருந்த நேரம். வாங்கி வந்த தூக்குச்சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். பார்க்கின்சன் நோய்க்காக உன் அண்ணனுக்குக் காலை ஏழு மணிக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்பதரைக்கெல்லாம் ஓய்ந்துவிடுகிறது, பிறகு சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த தெருக்காரருக்கு அதே மாத்திரை, அதே அளவு, மதியம்வரை தாங்குகிறதே, அண்ணன் மனத்தைத் தளரவிட்டதுதான் காரணமோ என்றும் கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அண்ணன்மேல் குற்றம் ஏதும் இல்லை, சம்பத். அவர் காதில் அந்தப் பேச்சு விழவே வேண்டாம்.

இதே நோய் வந்த என் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். பள்ளி விட்டு வந்தால் அவருடைய குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நாம் இருவரும் கணக்குப் போடுவோம். கைலிப் பாவில் இழை அறுந்தால், பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் முறுக்கிப் பிணைத்துவிட்டு அடுத்த மிதி மிதிப்பார். 1989இல் ஒரு நாள் அந்தப் பிணைப்பு அவருக்கு வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோலத் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன. இழை நடுவில் நிற்காமல் நழுவியது. மூன்று முறை எடுத்தார். நான்காம் முறை என்னைக் கூப்பிட்டார். தறியில் அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

உன்னிடம் அன்று சொல்லாத ஒன்று உண்டு. அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே அவருக்குக் கடுமையான மலச்சிக்கல். நாளெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். அம்மா விளக்கெண்ணெய் கொடுப்பாள். ‘எப்போது பார்த்தாலும் வயிற்றைப் பற்றிய பேச்சுதானா’ என்று நான் ஒருமுறை சீறியும் இருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குடல் மந்தமாகிவிடுவது இந்த நோயில் பலருக்கு உண்டு. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே குடல் மந்தத்தையும் குறித்துவைத்தார். 2003இல் ஹைகோ பிராக் என்ற ஜெர்மானிய அறிஞர், சிலருக்கு நோய் குடலில் தொடங்கி வேகஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நீண்ட நரம்பு அது. அதன் இழைகளில் பெரும்பங்கு, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது, கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. பிராக் சொன்னது எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அதைப் படித்த நாள் முதல் அப்பாவின் விளக்கெண்ணெய்க் கிண்ணம் என் கண்ணைவிட்டுப் போவதில்லை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இந்த நோயில், உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருளை நடுமூளையில் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. டோபமைனையே விழுங்கக் கொடுத்தால் பயனில்லை, ரத்தத்திலிருந்து மூளைக்குள் அதற்கு வழி கிடையாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபாவுக்கு வழி உண்டு. நம் வேலியில் படர்ந்து, தொட்டால் அரிப்பெடுக்குமே பூனைக்காலி, அதன் விதையில் இருப்பதும் இதுதான். 1937இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்துக் காட்டினார்கள். (அதற்காக யாராவது பூனைக்காலிச் சூரணம் தந்தால் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே. அளவு தாறுமாறாகிவிடும்.)

லெவோடோபா சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு மூளைக்குப் போய் அங்கே டோபமைனாக மாறவேண்டும். வழியிலேயே மாறிவிட்டால் குமட்டல்தான் மிச்சம். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா என்ற மருந்தையும் சேர்த்துச் செய்கிறார்கள். அந்த மாற்றத்தைச் செய்யும் நம் உடம்பின் நொதியை அது கட்டிப்போடுகிறது. ஆனால் குடலில் இன்னொரு கூட்டம் குடியிருக்கிறதே! 2019இல் ஹார்வர்டில் எமிலி பால்ஸ்கஸ் குழுவினர் கண்டதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியாவிடமும் அதே வேலையைச் செய்யும் நொதி ஒன்று இருக்கிறது. மருந்து மூளைக்குக் கிளம்பும் முன்பே அது லெவோடோபாவை டோபமைனாக மாற்றிவிடுகிறது. பிறகு எகர்தெல்லா லென்டா என்ற இன்னொரு பாக்டீரியா அந்த டோபமைனையும் வேறொன்றாக மாற்றிவிடுகிறது. கார்பிடோபா இந்தப் பாக்டீரியாவின் நொதியை ஒன்றும் செய்வதில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் வேறொரு குழுவும் அதே ஆண்டு இதே பாக்டீரியா நொதியைச் சுட்டிக்காட்டியது.

நோயாளிகளின் மல மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது ஒருவருடைய பாக்டீரியா மருந்தை வேகமாகச் சிதைத்தது, இன்னொருவருடையது தொடவே இல்லை. அந்த நொதியை உண்டாக்கும் மரபணு எவ்வளவு இருந்ததோ அதற்கேற்ப வேகம் இருந்தது. உன் அடுத்த தெருக்காரருக்கும் அண்ணனுக்கும் உள்ள வேறுபாட்டில் இதற்கும் பங்கு இருக்கலாம். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, இரைப்பை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பவையும் சேரும். பாக்டீரியாவின் நொதியை மட்டும் முடக்கும் பொருள் ஒன்று எலிகளில் பலன் தந்திருக்கிறது. நமக்கு எழுதிக்கொடுக்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை. கிருமியைக் கொன்றுவிடலாமே என்று நீயாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதே, கைகூப்பிக் கேட்கிறேன்.

ஆனால் உன் கடிதத்திலேயே நாம் சரிசெய்யக்கூடியது ஒன்று இருந்தது. அண்ணி மாத்திரையைச் சூடான பாலில் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். பால், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதம் சிதைந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலில் முட்டிமோதுகின்றன. மாத்திரையை வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேள். மலச்சிக்கலையும் மறைக்காமல் சொல்லச் சொல். அண்ணன் கூச்சப்படுவார், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடு.

‘மகிழ்ச்சி வயிற்றில்தான் சுரக்கிறது’ என்று உன் மருமகள் எங்கோ படித்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் செரடோனின் என்ற பொருளில், உடம்பில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில் இருப்பது உண்மை. அதைச் சுரக்கும்படி குடல் செல்களைத் தூண்டுவதில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்று 2015இல் கலிஃபோர்னியாவில் எலிகளில் காட்டினார்கள். ஆனால் அந்தச் செரடோனினும் மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் கிரையன் குழுவினர் 2011இல் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவில் ஒருவகையை எலிகளுக்குக் கொடுத்தார்கள், பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளில் அந்தப் பலன் இல்லை. அழகான சோதனை! அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017இல் வந்தது. ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே கடையில் விற்கும் விலை உயர்ந்த பாக்டீரியா கேப்ஸ்யூலில் அண்ணனின் சோர்வு தீரும் என்று அவள் நம்ப வேண்டாம். அந்தச் சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதிதான். அதற்குத் தனி வைத்தியம் உண்டு, அதையும் மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு வைத்தியம் பார்த்த கதை நம் வேலூரிலேயே நடந்திருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. உப்புக் கரைசலில் எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்தார்கள். அது பெருங்குடல்வரை போனது. அங்கே பாக்டீரியா அதை நொதிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்ச உதவின. அந்த மாவு சேர்ந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. வடித்து ஆறிய சோற்றிலும் அதுபோன்ற மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. எங்கள் வீட்டில் பழைய சோறும் மோரும் நிற்கவில்லை. நோய்க்கு மருந்து என்று சொல்லமாட்டேன், குடல் இளகி நடப்பதற்கு உதவியாக இருக்கிறது. அண்ணனுக்கும் மதியத்தில் கொஞ்சம் கொடுத்துப் பார்.

இங்கே செய்தி அதிகமில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை. நம் தெருவில் இப்போது இரண்டே இரண்டு தறிகள்தான் ஓடுகின்றன.

ஆவணியில் அண்ணனை வேலூருக்குக் கூட்டிவரப்போவதாக எழுதியிருக்கிறாய். அதுவரை ஒரு நோட்டில் எழுதிவை: மாத்திரை கொடுத்த மணி, கை இளகிய மணி, மறுபடி இறுகிய மணி, சாப்பிட்டது என்ன, வெளிக்குப் போனாரா இல்லையா. ஒரு நாளும் விடாமல் எழுது. அப்பாவுக்கு நான் அதைச் செய்யவில்லை. மருத்துவர் கேட்டபோதெல்லாம் ‘சுமார்தான்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் ஏறியதும் ஒரு போன் செய். அண்ணனுக்குப் படியிறங்கச் சிரமமாக இருக்கும், காட்பாடியில் உங்கள் பெட்டி நிற்கும் இடத்தில் காத்திருப்பேன்.

அன்புடன்,
ஏகாம்பரம்