கடத்தல் நீர்மூழ்கிகளைக் காணச் சிறு விமானங்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நெடுநாள் மீன்பிடிப் படகுகளில் ஹெரோயினும் ஐஸ் போதைப்பொருளும் பிடிபடும் செய்திகள் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வெளிவருகின்றன. கடற்படையினர் படகுகளைச் சோதனையிடுவதில் தேர்ச்சி பெறப் பெற, கடத்தற்காரர்கள் வேறு வகைக் கலங்களுக்கு மாறவே செய்வார்கள். அந்தக் கலங்கள் எப்படியிருக்கும் என்பதை உலகின் மறுபக்கத்தில் ஏற்கனவே கண்டுவிட்டார்கள். அவை நமது இலங்கைக் கடலுக்கு வருமுன்னரே சிறிய சிவில் விமானங்களைக் கரையோரக் கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கொலம்பியாவின் சதுப்புநிலக் காடுகளில் மறைவாகக் கட்டப்படும் இக்கலங்களை நீர்மூழ்கி என்று அழைத்தாலும், அவற்றுட் பெரும்பாலானவை முழுமையாக மூழ்குவதில்லை. கண்ணாடியிழையால் ஆன உடல் நீருக்குள் அமிழ்ந்திருக்க, ஓட்டுபவரின் சிறு கூண்டும் புகைக்குழாயும் மட்டுமே நீர்மட்டத்துக்கு மேல் தெரியும். கடலின் நிறத்திலேயே சாயம் பூசியிருப்பார்கள். 2006 இல் கோஸ்டாரிக்காவுக்கு அப்பால் அத்தகைய கலமொன்று ஏறத்தாழ 3 தொன் கொக்கெய்னுடன் பிடிபட்டது. 2010 இல் ஈக்வடோரில் முழுமையாக மூழ்கக்கூடிய கலமே கண்டெடுக்கப்பட்டது. 2019 நவம்பரில் சுமார் 20 மீற்றர் நீளமான கலமொன்று மூன்று பேருடன் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஸ்பெயினின் கலீசியாக் கரையை அடைந்தது. கடந்த ஆண்டுகளில் ஆளில்லாமல், செய்மதி இணைப்பு வழியாக இயக்கப்படும் கலமும் கொலம்பியக் கடற்படையிடம் அகப்பட்டிருக்கிறது. அத்திலாந்திக்கைக் கடக்க வல்ல ஒன்றுக்கு வங்காள விரிகுடா பெரிய தடையல்ல. அதிலும் கொட்டியாரக் குடாவின் வாயிலிலிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்கும் நமது திருகோணமலையில், ஆழமான நீர் கரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

இவ்வகைக் கலத்தைக் கப்பலிலிருந்து காண்பது மிகக் கடினம். நீருக்கு மேல் ஒரு முழ உயரமே தெரியும் பொருளின் எதிரொலி, ராடர் திரையில் அலைகளின் எதிரொலிகளுக்குள் கரைந்துவிடும். படகில் நிற்பவருக்குத் தொடுவானமே ஆறு கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. முந்நூறு மீற்றர் உயரத்தில் பறப்பவருக்கோ அது அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் விரிகிறது. கலம் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் அது கிழித்துச் செல்லும் நுரைத்தடத்தை மறைக்க முடியாது. அதிகாலையில் திருகோணமலைக் கடலோரத்துச் சுவாமி மலை உச்சியில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கீழே கரையில் நிற்கும்போது அலைக்கிடையில் தொலைந்துபோகும் வள்ளத்தை, மலையின் மேலிருந்து பார்க்கையில் அதன் பின்னால் நீளும் வெண்கோடே காட்டிக்கொடுக்கும். துறைமுகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த நான் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த யோசனை புதியதன்று. 1941 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சிவில் விமான ரோந்து அமைப்பின் தொண்டர்கள், 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை தங்கள் சொந்தச் சிறு விமானங்களில் கிழக்குக் கரையோரமாகப் பறந்து, ஜேர்மனிய நீர்மூழ்கிகளைத் தேடினார்கள். 173 நீர்மூழ்கிகளைக் கண்டு அறிவித்ததாக அவர்களுடைய பதிவுகள் கூறுகின்றன. அதே 1942 ஏப்ரலில் நமது தென்கரையின் கொக்கலையிலிருந்து பறந்த ஒரே ஒரு கடல்விமானம், தாக்க வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியதனாலேயே கொழும்பு முன்கூட்டி விழித்துக்கொண்டது. அண்மைய உதாரணமும் உண்டு. 2024 நவம்பரில் அந்தமான் கடலில், பாரன் தீவுக்கருகே ஐந்தரைத் தொன்னுக்கும் அதிகமான ஐஸ் போதைப்பொருளுடன் மியன்மார் படகொன்று பிடிபட்டதற்கு, இந்தியக் கரையோரக் காவற்படையின் ரோந்து விமானத்தில் இருந்தவர்களுக்கு அதன் நடமாட்டத்தில் எழுந்த சந்தேகமே காரணமாயிற்று.

நமது விமானப்படையிடமும் இந்தியாவின் டோர்னியர், அமெரிக்கா வழங்கிய கிங் எயார் போன்ற நல்ல கண்காணிப்பு விமானங்கள் உள்ளன. ஆனால் நாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்பான தனிப் பொருளாதார வலயம் 5 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் கூடுதலானது. அந்த விமானங்களை ஆழ்கடலுக்கு விட்டுவிட்டு, கரையை ஒட்டிய பகுதியைச் சிறு விமானங்களிடம் ஒப்படைப்பதே பொருத்தமானது. மணிக்கு சுமார் 35 லீற்றர் எரிபொருளில் 200 கிலோமீற்றர் பறக்கும் செஸ்னா வகை விமானத்தின் செலவு, ஒரு ரோந்துக் கப்பலின் செலவுக்கு அருகிலும் வராது. இரத்மலானையில் விமானப் பயிற்சிப் பாடசாலைகள் இருக்கின்றன. சீனக்குடாவுக்கோ சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய சிறு விமானங்கள் வந்துபோகின்றன. அவ்விமானிகளுக்கு எதைப் பார்க்க வேண்டும், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலெங்கும் வெண்ணுரை பூத்திருக்கையில் எந்தத் தடமும் தெரியாது. இரவிலும் வெறுங்கண் உதவாது. பகலில் இயந்திரத்தை நிறுத்திக் கிடந்து இருட்டில் மட்டும் ஓடும் கலங்களும் உண்டு. ஆனால் அப்படிக் கிடக்க நேர்ந்தால் அவர்களின் பயணம் இருமடங்காக நீளும், உணவும் நீரும் போதாமற்போகும் என்பதால், பகற் பறப்பு அப்போதும் வீணாவதில்லை. ஒற்றை இயந்திரம் பழுதானால் முந்நூறு மீற்றர் உயரத்திலிருந்து மூன்று கிலோமீற்றர்கூட மிதந்து செல்ல முடியாது. ஆகவே உயிர்காப்பு அங்கியும் மிதவையும் கட்டாயம் இருக்க வேண்டும், இரண்டிரண்டாகவே பறக்கவும் வேண்டும். அமெரிக்கத் தொண்டர்கள் 90 விமானங்களை இழந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, இவ்விமானங்கள் பார்ப்பதற்கும் அறிவிப்பதற்கும் மட்டுமே உரியவை. 2001 ஏப்ரல் 20 இல் பெருவில், கடத்தல் விமானம் எனத் தவறாகக் கருதப்பட்டு மதப்பணியாளர்களின் செஸ்னா சுட்டு வீழ்த்தப்பட்டபோது ஒரு தாயும் அவரது கைக்குழந்தையும் உயிரிழந்தார்கள். சந்தேகம் ஒன்றே தண்டனையாகிவிடக் கூடாது. குச்சவெளியிலும் மூதூரிலும் கடலை நம்பி வாழும் நமது மீனவர்கள், வானிலிருந்து ஒரு கண் தங்களைப் பின்தொடர்கிறது என்று அஞ்சுவது நியாயமே. போர்க்காலத்தில் கடலுக்குப் போவதற்கே பாஸ் எனும் அனுமதிச்சீட்டு வாங்கி நின்றவர்கள் அவர்கள். அந்த அச்சத்தைப் போக்க, அவதானிப்பாளர் இருக்கையை அவர்களுக்கே வழங்க வேண்டும் என்பேன். எது சாதாரண வலைப்படகு, எது அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்கத் தேவையில்லாத கலம் என்பதை அநுபவமுள்ள ஒரு சம்மாட்டி, அதாவது படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்துபவர், ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். இயந்திரம் பழுதாகித் தத்தளிக்கும் படகுகளையும் அதே பறப்பில் கண்டுபிடிக்கலாம் என்பதால், மீனவ சங்கங்கள் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டா என்று நம்புகிறேன்.

கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில், வடக்கே புல்மோட்டைக்கும் தெற்கே வெருகலுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் ஒரு பருவத்துக்குப் பரீட்சார்த்தமாக இதனைச் செய்துபார்க்க விமானப்படையும் கடற்படையும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் முன்வர வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
துறைமுக ஓய்வூதியர் ஒருவர்,
திருகோணமலை.