கிளினிக் நாளில் சம்பளம் வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 19 சர்வதேச ஆண்கள் தினம். கொழும்புப் புறக்கோட்டையில் அப்படி ஒரு நாள் இருப்பதே பலருக்குத் தெரியாது. நான்காம் குறுக்குத்தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுபவன் நான். இங்கே உழைக்கும் ஆண்களின் உடல்நிலையைப் பார்க்கப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் சீனி மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவருக்குப் பிரஷர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடியமுன் கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்தாலும் மருந்து கைக்கு வர மத்தியானமாகிவிடும். அன்றைய கூலி போய்விடும். அதனால் ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார். "தலை சுத்தினா மட்டும் போடுறன் ஐயா" என்று அவர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. பிரஷர் தலைசுற்றலோடுதான் வரும் என்றில்லையே! பலருக்கு ஒரு அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, திடீரென்று பாரிசவாதத்திலோ மாரடைப்பிலோ கொண்டுபோய் விடுகிறது.

2011 முதல் சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நடத்திவருகிறது. பிரஷர், சீனி வருத்தம், நிறை எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பரிசோதிக்கலாம். ஆனால் போகிறவர்களில் பெண்களே அதிகம். ஆண்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். பெரும்பாலும் வார நாளில், பகல் வேளையில் நடக்கும் பரிசோதனைக்குக் கடைச் சிப்பந்தி எப்படிப் போவான்? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்குமாக ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்துடன் லீவு தந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் துணிகிறவர்கள் எத்தனை பேர்? நாட்கூலிக்காரர்களுக்கு நடைமுறையில் அதுவும் கிடைப்பதில்லை.

ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்து கடை மேல்மாடியில் படுத்துறங்கும் பொடியன்மாரின் நிலைமை வேறு. சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடனையும் கவலையையும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். சிலர் சாராயத்தில் இறங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் தற்கொலை செய்துகொள்வோரில் பெரும்பாலானவர்கள் ஆண்கள் என்பதை முதலாளிமார் நினைத்துப்பார்க்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைக் காசு மேசைக்கு மேலே ஒட்டிவைக்க என்ன செலவு? கலகலப்பாக இருந்த பொடியன் பேசாமல் ஒதுங்கினால், தனியே கூப்பிட்டு "என்னடா தம்பி?" என்று கேட்கலாமே.

கிளினிக் அட்டையைக் காட்டுகிறவருக்கு அன்றைய சம்பளத்தை வெட்டக்கூடாது. மாதத்தில் ஒரு மாலை, கடை பூட்டும் நேரத்தில், சுகாதாரப் பிரிவினர் பிரஷர் பார்க்கும் கருவியோடு எங்கள் தெருவுக்கே வரவேண்டும். வர்த்தகர் சங்கங்கள் மாநகரசபையோடு பேசினால் இது நடக்கும். எங்கள் கடை முன்விறாந்தையைத் தர முதலாளி சம்மதித்திருக்கிறார். மேசை, கதிரை, மின்விளக்கு எல்லாம் நாங்கள் போட்டுத் தருகிறோம்.

க. சி.,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.