சுனௌலியில் அப்பாவைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

சுனௌலி எல்லையில் அன்று எங்களுக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம். உங்களில் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நன்றி சொன்னது போலவும் ஆகும், அடுத்து முக்திநாத் கிளம்பும் நம்மூர்க்காரர்கள் படித்தது போலவும் ஆகும்.

படிப்பவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோரக்பூரிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் சுனௌலி. கடைத்தெரு நடுவே ஒரு தோரண வளைவு. அதைத் தாண்டினால் நேபாளத்தின் பேலஹியா, இன்னும் சிறிது தூரத்தில் பைரஹவா. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான, சாளக்கிராமம் என்று சொல்லப்படும் முக்திநாத்துக்குத் தரைவழியாகப் போகும் தமிழ் யாத்திரைக் குழுக்களில் பல இந்த வழியாகத்தான் போகின்றன. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியருக்கும் நேபாளியருக்கும் இங்கே விசா கிடையாது. காய்கறிப் பையோடு போகிறவர்கள், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று சந்தைக்குள் நடப்பது போல மக்கள் நாடு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பஸ் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது. இந்திய வண்டி நேபாளத்துக்குள் போக, எத்தனை நாள் தங்குமோ அத்தனை நாளுக்கும் பணம் கட்டி 'பன்சார்' என்ற சுங்க அனுமதி வாங்க வேண்டும். டிரைவர் அதற்காகப் போயிருந்தார். கால் மரத்துவிட்டது என்று அப்பா கீழே இறங்கினார். எழுபதைத் தாண்டியவர், அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் பஸ்ஸைப் போலவே வெள்ளை நிறத்தில், முன்கண்ணாடியில் மாலை போட்ட இன்னொரு யாத்திரை பஸ் (ஆந்திராக்காரர்களுடையது) அவரைக் கடந்து போயிருக்கிறது. நம்மை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று அதன் பின்னால் வேகமாக நடந்தவர், வளைவைத் தாண்டியதை உணரவே இல்லை. யாரும் தடுக்கவில்லை. இந்தப் பக்கப் பலகையும் அந்தப் பக்கப் பலகையும் தேவநாகரியில்தான் இருந்தன. அதைப் படிக்கத் தெரியாதவருக்கு உத்தரப் பிரதேசம் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? கடைத்தெரு தாண்டியதும் கைப்பேசியில் சிக்னலும் போய்விட்டது.

சசஸ்திர சீமா பல் காவல் சாவடியில் இருந்த பெண் காவலருக்கு முதல் நன்றி. 1,751 கிலோமீட்டர் திறந்த எல்லையைக் காக்கும் படையில் இருப்பவர், ஒரு முதியவர் காணாமல் போனதற்காக நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தேவையில்லை. அவர் எழுந்தார். அப்பாவின் படத்தைத் தன் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வளைவு வரை நடந்து, அந்தப் பக்கத்து நேபாளக் காவலரிடம் காட்டினார்.

நேபாளக் காவலரே, உங்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. நெற்றியில் நாமம் போட்ட பெரியவர் பதினொன்றுக்கு இந்த வழியாகப் போனார் என்று தெளிவாகச் சொன்னீர்கள். எங்கள் கடிகாரத்தில் அப்போது பத்து ஐம்பத்தைந்து. இனிமேல்தான் வரப்போகும் நேரத்தில் இவர் எப்படிப் பார்த்திருக்க முடியும், வேறு யாரையோ சொல்கிறார் என்று எங்கள் குழுவினர் உங்கள் முன்னாலேயே வாதாடினார்கள். நேபாள நேரம் நம்முடையதைவிடக் கால் மணி முன்னே ஓடுகிறது என்பதை, சிரிக்காமல் உங்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினீர்கள். சிரித்திருந்தாலும் நியாயம்தான். அப்பா அங்கே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

பைரஹவா சாலையில் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டும் தம்பிக்கு என்ன சொல்வது? வெயிலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "சாமி, எங்கே போகிறீர்கள்?" என்று தமிழில் கேட்டிருக்கிறாய். கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்தாயாம். நம்மூர் ஓட்டல்களில் மேசை துடைக்கும் நேபாளப் பிள்ளைகளிடம் "எந்த ஊர் தம்பி" என்று நாம் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நீ கேட்டாய். இது நேபாளம் என்று நீ சொன்னபோது அப்பா நம்பவில்லையாம். கேலி செய்கிறாய் என்று கோபித்துக்கொண்டாராம். அதற்கும் சேர்த்து நன்றி.

அப்பாவின் சட்டைப் பையில் குறிப்பேடு இருந்தது. அதில் என் எண் இருந்தது. பத்து இலக்கத்தையும் போட்டுப் பார்த்தும் அழைப்பு போகவில்லை. அது இப்போது வெளிநாட்டு எண், முன்னால் +91 வேண்டும். அதைச் சேர்த்தபோது உன் கணக்கில் பணம் போதவில்லை. உடனே அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய், அங்கிருந்த வைஃபையில், கடை அக்காவின் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப் வழியாக அழைத்தாய். அந்தக் கடை அக்கா அப்பாவை மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்து, அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்குத் தண்ணீர் கொடுத்தாராம். தேநீருக்குக் காசு வாங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் அவரவர் மொழியில் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புத்தர் பிறந்த லும்பினியை அன்று தவறவிட்ட சக பயணிகளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். தாமதத்துக்காக முணுமுணுத்த கும்பகோணம் மாமிதான், அப்பா திரும்பி வந்ததும் முதலில் தட்டை டப்பாவைத் திறந்து நீட்டியவர்.

யாத்திரையை ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. எல்லோருடைய வாக்காளர் அட்டையையும் பத்திரமாக வைக்கிறோம் என்று வாங்கி ஒரே பையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். திரும்பும்போது அப்பாவை ஒருவர் அடையாள அட்டை கேட்டு நிறுத்தினார். மீண்டும் அந்தப் பெண் காவலர்தான் வந்து பேசி விடுவித்தார். போகிறவர்கள் தயவுசெய்து அட்டையைத் தங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் பையில் உறவினர் எண்ணை +91 சேர்த்து எழுதி, தங்கும் விடுதியின் பெயரை ஹிந்தியிலும் எழுதி வையுங்கள். குழுவில் ஒருவராவது எல்லையிலேயே நேபாள சிம் வாங்கிவிடுங்கள். எத்தனை மணிக்குக் கூடுவது என்று பேசும்போது எந்த நாட்டு மணி என்றும் சொல்லுங்கள். பஸ்ஸின் நிறத்தை நம்பாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முக்திநாத்தில் 108 தாரைகளிலும் அப்பா தலையை நனைத்தார். 3,700 மீட்டர் உயரத்துக் குளிரில் வேண்டாம் என்று சொன்ன யாரையும் அவர் கேட்கவில்லை.

தம்பி, உன் எண் அந்தக் கைப்பேசி அழைப்பில் இல்லை. கடை அக்காவின் எண்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்கு அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தமிழில் குரல்செய்தி அனுப்புகிறார், அங்கிருந்து நேபாளியில் பதில் வருகிறது. நீ அந்தப் பக்கம் போனால் அவற்றை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொல். அடுத்த சித்திரையில் எங்கள் தெருவிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்களிடம் உனக்கு ஒரு வேட்டியும் அக்காவுக்கு ஒரு கிலோ காப்பித்தூளும் கொடுத்தனுப்புகிறோம். ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்குவது எப்படி என்று நீதான் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.