பாட்டில் பேசுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ பாட்டுத் தொகுப்பு வந்தது 2023 ஏப்ரல் 14 அன்று. அன்றைக்கு ரசிகர்களிடையே தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பாட்டுகள் நீளம் என்ற முனகலைத் தவிர இசை பற்றி அதிகம் சண்டை இல்லை. சண்டையெல்லாம் வரிகள் மீதுதான். போர்க்களம், மரண தண்டனை, விலைபோன நீதி என்று எழுதிய குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு இப்போது ‘நான், என் இருட்டு, என் வலி’ என்று சுருங்கிவிட்டார், மனநல ஆலோசகரிடம் சொல்ல வேண்டியதை மைக்கில் சொல்கிறார் என்பது ஒரு கட்சி. அறுபதை ஒட்டிய வயதில் ஒருவர் மனதைத் திறந்து காட்டும்போது அதில் குற்றம் பார்க்கலாமா என்பது மறு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். பாட்டில் ‘நான்’ என்று வந்துவிட்டால் அது பாடுகிறவரே என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தொகுப்பில் உள்ள ‘ஸ்க்ரீமிங் சூசைட்’ பாட்டைப் பாருங்கள். தலைப்பைக் கேட்டவுடனேயே ‘இன்னொரு புலம்பல்’ என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பல்லவியில் ‘மை நேம் இஸ் சூசைட்’ என்று வருகிறது. என் பெயர் தற்கொலை. ஆக, அங்கே பேசுவது ஹெட்ஃபீல்டு இல்லை, அவரைப் போன்ற இன்னொரு மனிதரும் இல்லை. தற்கொலை எண்ணமே ஆளாக உருவெடுத்து, தான் குடியேறிய மனிதனிடம் பேசுகிறது. நீ இதற்குத் தகுதியானவன்தானா என்று குத்துகிறது, பேசாமல் விட்டுவிடு என்கிறது, என் பெயரை வாய்விட்டுச் சொல்லாதே, உள்ளேயே வைத்துக்கொள் என்று மிரட்டுகிறது. வெளியே சொல்லிவிட்டால் தன் பிடி தளர்ந்துவிடும் என்று அதற்குத் தெரியும். பாட்டின் முடிச்சு அந்த இடத்தில்தான். இந்தச் சொல்லை வாயில் வரக்கூடாத சொல்லாக மூடிவைத்திருப்பதைப் பற்றிய பாட்டு என்று வெளியீட்டின்போது ஹெட்ஃபீல்டும் சொன்னார். பேசுகிறவரை மாற்றிப் படித்தால் எச்சரிக்கை புலம்பலாகிவிடும்.

இந்த உத்தி புதிதும் இல்லை. பழைய வரிகளே உசத்தி என்னும் முதல் கட்சியினர், அதாவது பழைய கட்சிக்காரர்கள், தலையில் வைத்துக் கொண்டாடும் 1986-இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டில் பேசுவது போதைப்பொருள். நூல் என் கையில், நீ ஆடும் பொம்மை என்று அது அடிமையிடம் சொல்கிறது. 1984-இன் ‘க்ரீப்பிங் டெத்’ பாட்டில், விவிலியக் கதையில் வருவதுபோல, எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொல்ல வரும் சாவே ‘நான்’ என்று பேசுகிறது. அவற்றை ஹெட்ஃபீல்டின் டைரி என்று யாரும் படித்ததில்லை. 37 வருடம் கழித்து அதே கை அதே உத்தியைக் கையில் எடுத்தால் மட்டும் டைரி என்கிறார்கள். காரணம் வெளியே இருக்கிறது. 2001-இலும் 2019-இலும் அவர் மறுவாழ்வு மையத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். 2022 மே மாதம் பிரேசிலின் பெலோ ஹொரிசாண்டே மேடையில், எனக்கு வயதாகிவிட்டது, இனி வாசிக்க முடியாதோ என்று தோன்றுகிறது என்று அவர் கலங்கியதும், மற்ற மூவரும் வந்து கட்டிக்கொண்டதும் உலகம் பார்த்தவை. செய்தியைத் தெரிந்துகொண்டு பாட்டைக் கேட்கிறோம், பாட்டிலும் செய்தியே கேட்கிறது.

தொகுப்பின் கடைசிப் பாட்டு ‘இனமொராட்டா’. 11 நிமிடம் 10 விநாடி, குழு தானே எழுதிய ஸ்டுடியோ பாட்டுகளிலேயே நீளமானது. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் காதலி என்று பொருள். அங்கே காதலி யார் என்றால், துயரம். விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியாத தொடுப்பு போல அவளோடு பேசுகிறது பாட்டு. தமிழில் இதற்குப் பொருள் சொல்கிறவர்கள் ‘துயரம் என்னை நேசிக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பது ‘ஷீ’. தமிழில் துயரம் அஃறிணை என்பதால் வினையைக் ‘கிறது’ என்று முடித்தால் இலக்கணம் சரி, பாட்டு காலி. ‘நேசிக்கிறாள்’ என்று முடித்தால்தான் அவள் எழுந்து வருவாள். தமிழ்க் காதுக்கு இது அந்நியமும் இல்லை. திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே நெஞ்சொடு கிளத்தல். தலைவி தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி வழக்காடுகிறாள். அங்கே ‘நீ’ என்பது தோழியா, தலைவனா என்று யாரும் குழம்புவதில்லை.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மனிதனின் முதல் 18 ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு பருவம், ஆக 72. நாம் யார் என்று பெற்றோர் சொல்லித் தந்ததில் எது மெய், எது பொய் என்பதுதான் தொகுப்பின் கரு. மஞ்சள் பின்னணியில் கருகிக் கிடக்கும் குழந்தைத் தொட்டிலை அட்டையில் வைத்திருப்பதும் அதற்காகவே. (நம் கணக்கில் பெரும்பொழுது ஆறு என்பதால் இதே தொகுப்பு இங்கே பிறந்திருந்தால் 108 ஆகியிருக்கும்.) கருவைத் தெரிந்துகொண்டு பார்த்தால் 12 பாட்டிலும் ‘நான்’ ஏன் இத்தனை வருகிறது என்பது விளங்கும். வளர்ப்பில் ஒட்டிக்கொண்ட குரல்கள்தான் ஒவ்வொன்றாக வந்து பேசுகின்றன.

அந்தக் காலத்தில் ஹெட்ஃபீல்டு சொந்த வலியை எழுதியதில்லை என்பதும் தவறு. ‘ஃபேட் டு பிளாக்’ 1984-இல் பாஸ்டனில் கருவிகள் திருடுபோன சோர்வில் எழுதியது. 1988-இன் ‘டையர்ஸ் ஈவ்’ அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம். 1991-இன் ‘தி காட் தட் ஃபெய்ல்டு’ தாயைப் பற்றியது. நோய்க்கு மருந்தைவிட ஜெபத்தையே நாடும் கிறிஸ்டியன் சயன்ஸ் என்ற சமயப் பிரிவின் நம்பிக்கையால் மருத்துவத்தை மறுத்துப் புற்றுநோயில் அவர் இறந்தார். மகன் அப்போது பதின்வயதில் இருந்தார். ‘72 சீசன்ஸ்’ தோண்டுவது இதே நிலத்தைத்தான்.

இதுவரை சொன்னதை வைத்து நான் மறு கட்சி என்று எண்ண வேண்டாம். புதிய வரிகளில் நிஜமான ஒரு குறை இருக்கிறது. அது இருப்பது விஷயத்தில் இல்லை, சொல் தேர்வில். அதைப் புரிந்துகொள்ள இந்தப் பாட்டுகள் உருவாகும் முறை தெரிய வேண்டும். இவர்களிடம் முதலில் பிறப்பது கிதார் துணுக்கு. அதன் மேல் ஹெட்ஃபீல்டு ‘நா நா, யே யே’ என்று பொருளில்லாத ஒலிகளைப் பாடி மெட்டைப் பிடிப்பார். நம் திரைப்பாட்டுக்காரர்கள் சொல்லும் தத்தகாரமேதான். சொல் பிறகு வரும், மெட்டு விட்டுவைத்த பள்ளத்தில் உட்கார வேண்டும். மெட்டுக்கு எழுதியவர்களுக்குத் தெரியும், அவசரத்துக்கு எந்தச் சொல் கை கொடுக்கும் என்று.

ஆங்கிலத்தில் அப்படிக் கை கொடுப்பவை ‘ஏஷன்’ என்று முடியும் சொற்கள். அவற்றில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையிலேயே விழும், அகராதியைப் பார்க்க வேண்டியதில்லை. புதிய தொகுப்பின் ‘லக்ஸ் எடர்னா’ பாட்டை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆன்-டி-சி-பே-ஷன். இன்-டா-மி-நே-ஷன். மேக்-னி-ஃபி-கே-ஷன். ஆல்-ஜெ-ன-ரே-ஷன்ஸ். நான்கிலும் ஐந்து அசை, நான்கிலும் அழுத்தம் நான்காவதில், நான்கும் ஒரே இயைபு. டிரம் அடியோடு பூட்டுப் போட்டதுபோல் பொருந்துகிறது. மூன்றரை நிமிடம்கூட ஓடாத வேகப் பாட்டில், கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு இது போதும், நன்றாகவே இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பு, ஆதிக்கம், பெருக்கம், தலைமுறைகள் என்று அடுக்கினால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. ‘இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன்’ பாட்டிலும் ‘டெம்ப்டேஷன்’ என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. காதில் அது மந்திரம் போல ஏறுகிறது, தாளில் வெறும் சொல்லாகக் கிடக்கிறது.

1988-இன் ‘ஒன்’ பாட்டின் கடைசிப் பகுதியை இதன் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். டால்டன் ட்ரம்போவின் 1939 நாவலிலிருந்து வந்த கரு அது. கண்ணிவெடி என் பார்வையை எடுத்தது, பேச்சை எடுத்தது, செவியை, கைகளை, கால்களை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான் படுக்கையில் கிடக்கும் சிப்பாய். சைட், ஸ்பீச், ஆர்ம்ஸ், லெக்ஸ். பெரும்பாலும் ஓரசைச் சொற்கள், ஒவ்வொன்றும் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள், பின்னால் இயந்திரத் துப்பாக்கி போல டிரம். ‘நான்’ என்பது அங்கேயும் உண்டு. அந்த ‘நானு’க்கு ஒரு கட்டில் இருக்கிறது, வெட்டுப்பட்ட உடம்பு இருக்கிறது. புதிய பாட்டுகளில் குரல்கள் இருக்கின்றன, அவை நிற்க இடம் இல்லை. பழைய கட்சிக்காரர்கள் இதைச் சொல்லத்தான் தடுமாறுகிறார்கள் என்று தோன்றுகிறது. சொல்வதற்கு வார்த்தை கிடைக்காமல் ‘டைரி, புலம்பல்’ என்று கையில் கிடைத்ததை எறிகிறார்கள்.

வரிகளைத் திருப்பி அனுப்ப ஓர் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இக்குழுவிடமே சான்று உண்டு. 1991-இன் ‘என்டர் சாண்ட்மேன்’ முதலில் தொட்டிலிலேயே திடீரென இறந்துபோகும் குழந்தையைப் பற்றியதாக இருந்தது. இது இந்த இசைக்கு ஏற்ற வரி இல்லை என்று தயாரிப்பாளர் பாப் ராக்கும் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் சொன்னார்கள். ஹெட்ஃபீல்டுக்குக் கோபம், ஆனாலும் திருத்தினார். குழந்தை, தலையணை, கட்டிலுக்கடியில் பூதம் என்று பயம் கண்ணுக்குத் தெரிகிற பாட்டாக அது மாறியது. எதிர்ப்பக்க உதாரணம் 2003-இன் ‘செயின்ட் ஆங்கர்’ தொகுப்பு. அப்போது சிகிச்சை முடிந்து திரும்பிய ஹெட்ஃபீல்டு பகல் 12 முதல் 4 வரைதான் வேலை செய்யலாம் என்று கட்டுப்பாடு. வரிகளை அவரோடு உல்ரிக், கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட், பாப் ராக் என நால்வரும் சேர்ந்து எழுதினார்கள். வாழும் முறையே சாகும் முறையைத் தீர்மானிக்கும் என்ற பொருளில் ‘லைஃப்ஸ்டைல், டெத்ஸ்டைல்’ என்று ஒரு வரி. இருபது வருடமாகக் கிண்டலுக்கு ஆளாகி வருகிறது. நாலு பேர் கைபட்ட வரிக்கு ஒருவர் மட்டும் திட்டு வாங்குகிறார். தொகுப்போடு வரும் உள்தாளில் யார் எழுதியது என்பது அச்சாகியிருக்கிறது, புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

உள்தாள் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய ரசிகர்கள் இவர்களை நேரில் கேட்டது 2011 அக்டோபர் 30 அன்று, பெங்களூர் அரண்மனை மைதானத்தில். இப்போது வாதத்துக்கு உள்ளாகும் பாட்டுகள் அப்போது பிறக்கவே இல்லை. அதனால் நம்மில் பலர் இந்த வரிகளைத் தேடுபொறி காட்டும் வரித் தளங்களில் படித்துத்தான் வாதிடுகிறோம். அவற்றில் பல யாரோ காதால் கேட்டு எழுதிப் போட்டவை, ஒருவர் பிழையை ஒன்பது பேர் நகலெடுத்தவை. சந்தேகம் வந்தால் குழுவின் சொந்த இணையதளத்தையோ உள்தாளையோ பாருங்கள். முதல் முறை வரியைப் பார்க்காமல் கேளுங்கள், எங்கே அழுத்தம் விழுகிறது என்று பிடிபடும். பிறகு தாளை வைத்துக்கொண்டு ‘ஐ’, ‘மீ’, ‘யூ’ வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அது யார் என்று எழுதுங்கள். ஒரே பாட்டில் ‘யூ’ இரண்டு பேராக இருப்பது தெரியவரும்.

‘யூ மஸ்ட் பர்ன்!’ பாட்டில் இப்படித்தான் பலர் ஏமாறுகிறார்கள். சூனியக்காரியைக் கொளுத்தச் சொல்லும் வெறிக் கூட்டத்தைக் கண்டிக்கும் பாட்டு என்று பாதிவரை சரியாகவே போகிறார்கள். ஆனால் பல்லவி, உன்னை நீயே கேட்டுப் பார், நீ கொளுத்த வேண்டிய சூனியக்காரி நீயேதான் என்கிறது. விரல் நீட்டியவன் பக்கமே விரல் திரும்புகிறது. பக்கத்தில் எழுதிவைத்த பெயரை அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். தலைப்பில் உள்ள ஆச்சரியக்குறி கூட்டத்தின் கூச்சல். அது விழுந்துவிட்டால் யார் கத்துகிறார் என்பதே தெரியாது.

இந்தக் குறிகளைத்தான் முதலில் தொலைக்கிறோம். ‘டூ ஃபார் கான்?’ என்ற பாட்டை மீள முடியாத அளவுக்குப் போய்விட்டவனின் தீர்ப்பு என்று எழுதுகிறவர்கள் தலைப்பின் கடைசியில் இருக்கும் கேள்விக்குறியைப் பார்ப்பதில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டேனா என்று அங்கே ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். உங்கள் இசைப் பக்கத்தில் அந்தப் பாட்டின் பெயரை அச்சிட நேர்ந்தால், தயவுசெய்து அந்தக் குறியைச் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி