மலைத்தோட்டத்துக்குப் பழைய ஜீப் வாங்குறவங்க பெயிண்ட்டப் பார்க்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டிராக்டர் வாங்குறது பத்தி பேப்பர்ல அப்பப்ப வருது, ஆனா எங்க தோட்டத்துக்கு டிராக்டர் ஏறாது சார். தேனி மாவட்டத்துலேர்ந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியா இடுக்கிக்குப் போயி ஏலக்காய்த் தோட்டம் பார்க்குற சின்ன விவசாயிங்க நிறைய பேரு இருக்கோம், பச்சைக்காய் மூட்டைய உலர்த்துற ஸ்டோருக்குக் கொண்டு வர்றதுலேர்ந்து உரம், மருந்து டிரம், தண்ணி மோட்டார், வேலையாளுங்க வரைக்கும் எல்லாமே ஒரே ஜீப்புலதான். மகிந்திராவோட புது 'தார்' ஜீப்பு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டி ரோட்டுக்கு வர்றப்ப வெலை பத்து லட்சத்தத் தாண்டிடுது, அதனால பழைய எம்.எம்.540, மேஜர், கமாண்டர்னு மகிந்திரா ஜீப்பு, இல்லன்னா மாருதி ஜிப்ஸி இப்படித்தான் தேடுறோம்.

இதுல இப்ப பெரிய தொல்லை என்னன்னா டவுன்ல காடு மேட்டுல ஜாலிக்கு வண்டி ஓட்டுற ஆஃப்ரோடு மோகம் வந்ததுலேர்ந்து பழைய ஜீப்பெல்லாம் வெலை ஏறிப்போச்சு. அகல டயர், லைட்டு பாரு, புது பெயிண்ட்டுன்னு அலங்காரம் பண்ணி விக்கிறாங்க, நம்ம பசங்களும் அதப் பார்த்து மயங்கிடுறாங்க. அந்த அகல டயரு ஸ்டியரிங்கையும், முன் வீல் திரும்புற கிங் பின்னையும் போட்டுத் தேய்க்கும், தோட்டத்து வழியில ஒரு பிரயோஜனமும் கிடையாது. கம்பெனியில வந்த மாதிரியே ஒல்லி டயரோட அழுக்கா நிக்கிற வண்டிதான் நமக்கு வேணும்.

முதல்ல வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. நிறைய கமாண்டர் பார்க்க நாலு வீலுக்கும் பவர் போற 4 வீல் டிரைவ் மாதிரியே இருக்கும், ஆனா முன் வீலுக்கு பவரே போகாது. முன் ஆக்ஸில்ல உருண்டையா டிஃபரன்ஷியல்ங்கிற கியர் பெட்டி இருக்கணும், அதுக்குப் பவர் கொண்டு வர்ற நீளத் தண்டு, அதான் புரொப்பல்லர் ஷாஃப்ட், வரணும், உள்ள கியர் லிவருக்குப் பக்கத்துல, முன் வீலுக்குப் பவர் மாத்துற டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் இருக்கணும். லிவர் இருந்தா மட்டும் போதாது, வேகம் குறைச்சு இழுவை கூட்டுற லோ ரேஞ்சு கியர் விழுதான்னு மேட்டுல ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும், ஏன்னா மூட்டையோட ஈர மண்ணுல ஆக்ஸிலேட்டர் கொடுக்காம மெதுவா ஊர்ந்து ஏறுறதும் அதே மாதிரி இறங்குறதும் அந்த லோ ரேஞ்சாலதான் முடியும், அது இல்லன்னா வண்டி வாங்கியே பிரயோஜனம் இல்ல. அப்பறம் சேஸ், அதான் வண்டியோட அடிச்சட்டம். ஸ்பிரிங் பட்டை மாட்டுற இடத்துல வெல்டிங் போட்டிருக்கா, துரு பிடிச்சிருக்கான்னு ஒரு ஸ்க்ரூ டிரைவர வச்சுக் குத்திப் பாருங்க. இடுக்கி மழையும் சிந்தின உரமும் சேர்ந்தா இரும்ப அரிச்சிரும், மேல பெயிண்ட் அடிச்சா அது கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் போனா வேற இன்ஜின் மாத்தலாம், சேஸ் போனா ஒண்ணும் பண்ண முடியாது.

இன்ஜின்னு வந்தா எம்.எம்.540ல வர்ற 2112 சிசி பெஜோ இன்ஜின் ஓட்டத்துக்கு இதமா இருக்கும், ஆனா குளிர்ல ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் வேலை செய்யணும், அதனால முந்தின நாள்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணாத வண்டியா காலையில போயிப் பாருங்க. சூடு பண்ணி வச்சுட்டுக் கூப்பிடுறவங்ககிட்ட வாங்காதீங்க. மகிந்திரா டிஐ இன்ஜின் சத்தம் அதிகம்தான், ஆனா டிராக்டர் மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிருவாரு, தோட்டத்துக்கு என் ஓட்டு அதுக்குத்தான். ஓடிக்கிட்டிருக்கும்போது ஆயில் ஊத்துற மூடியத் திறந்தா குபுகுபுன்னு புகை வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஜிப்ஸி எடை கம்மி, சேத்துல நல்லா போகும், ஆனா பெட்ரோல் செலவு கட்டாது, மூட்டையும் அவ்வளவு தாங்காது.

பேப்பர் விஷயத்துலதான் ரொம்ப பேரு ஏமாறுறாங்க. 15 வருஷம் ஆன வண்டிக்கு ஆர்.சி, அதான் பதிவுச் சான்று, புதுப்பிக்கணும், அதுக்கப்பறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா. முன்னாடி 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5000 ஆயிருச்சு, 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025லேர்ந்து 10000, பசுமை வரி தனி. ஆர்.சி செத்துப்போன வண்டிய "தோட்டத்துக்குள்ள ஓட்டத்தானே அண்ணே, யாரு கேக்கப் போறா"ன்னு புரோக்கர் தள்ளி விட்டுருவாரு, செக்போஸ்ட்டத் தாண்டித்தான் எங்க தோட்டமே இருக்குங்கிறத யோசிக்கணும். இன்சூரன்ஸும் இல்லாம ஆள் ஏத்திட்டுப் போறப்ப ஏதாவது ஆச்சுன்னா குடும்பமே தெருவுக்கு வந்துரும். சேஸ் நம்பர ஆர்.சியோட ஒத்துப் பாருங்க, இன்ஜின் மாத்தியிருந்தா அது ஆர்.சியில ஏறியிருக்கணும். டெல்லியில 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதுக்கப்பறம் அந்தப் பக்கத்து பழைய வண்டிகளும் சல்லிசா வருது, அந்த ஊர் ஆர்.டி.ஓ கொடுக்குற ஆட்சேபணை இல்லைங்கிற என்.ஓ.சி கையில இல்லாம ஒரு ரூபா அட்வான்ஸ் கொடுக்காதீங்க, இங்க கட்டுற ரோடு டாக்ஸையும் சேர்த்துத்தான் வெலை பேசணும்.

கடைசியா பிரேக். பழைய மகிந்திரா ஜீப்புல பெரும்பாலும் நாலு வீல்லயும் டிரம் பிரேக்தான், ஓடைத் தண்ணியில இறங்கி ஏறினா கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது, ஹேண்ட் பிரேக் வேலை செய்யாத வண்டியே பாதிக்கு மேல ஓடுது. அந்த வண்டியிலதான் காய் எடுக்குற பொம்பளைங்கள பின்னாடி தொங்க விட்டுக்கிட்டு மெட்டு இறங்குறாங்க, அதப் பார்க்கும்போதெல்லாம் வயித்தக் கலக்குது. காய் எடுப்பு சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடி போடியிலயும் கம்பத்துலயும் போக்குவரத்துத் துறை ஒரு முகாம் போட்டு தோட்டத்து ஜீப்புகளோட பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஃபைன் போடாம செக் பண்ணிக் கொடுக்கணும், ஃபைன்னு சொன்னா ஒருத்தரும் வண்டியக் கொண்டு வர மாட்டாங்க. இத உங்க பேப்பர் மூலமா அதிகாரிகள் காதுக்குக் கொண்டு போகணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஏல விவசாயி,
போடிநாயக்கனூர்.